கலிஃபோர்னியா லைசென்ஸ் கைக்கு வரும் முன்பே கார் வாங்குவது: முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து வேலைக்கு வந்து இறங்கிய மூன்றாவது வாரம் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே முடிச்சு. டிரைவிங் டெஸ்டுக்கு வண்டியை நீங்களே கொண்டுவர வேண்டும் என்கிறது டிஎம்வி, அதாவது லைசென்ஸும் வண்டிப் பதிவும் தரும் மாநில வாகனத் துறை. வண்டி வாங்கப் போனால், லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பஸ்ஸை நம்பி வேலைக்குப் போனால் 20 நிமிடப் பயணம் ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க முடியும். கலிஃபோர்னியாவில் ஒரு காரை விலைக்கு வாங்கி உங்கள் பேரில் பதிந்துகொள்ள அந்த மாநில லைசென்ஸ் கட்டாயமில்லை. ஓட்டுவதற்குத்தான் லைசென்ஸ். சொந்தமும் ஓட்டும் உரிமையும் இரண்டு தனித்தனி விஷயங்கள் என்பதைப் பிடித்துக்கொண்டால் பாதி குழப்பம் போய்விடும். மீதிப் பாதி எதை முதலில் செய்வது என்பதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து மாட்டிக்கொண்டவர்கள் எல்லாருமே சரியான வேலையைத் தவறான வரிசையில் செய்தவர்கள்தான்.

கீழே உள்ளது கலிஃபோர்னியாவுக்கானது. மற்ற மாநிலங்களில் எது மாறும் என்பதை 9ஆம் பகுதியில் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் பேரைச் சரிபாருங்கள்

கார் வாங்குவதற்கும் பேருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். தமிழர்களுக்கு இருக்கிறது.

நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. பாஸ்போர்ட்டில் பலருக்கு 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கும். முழுப் பேரும் 'கிவன் நேம்' கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா அடிக்கும்போது முழுப் பேரையும் சர்நேம் ஆக்கிவிட்டு, முதல் பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று போட்டுவிடுவார்கள். முதல் பேர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது.

இதனால் பாஸ்போர்ட்டில் குமரன் முருகேசன், விசாவில் எஃப்என்யு குமரன் முருகேசன், பேங்கில் முருகேசன் குமரன், ஆபீஸில் வெறும் குமரன் எம் என்று ஒரே ஆள் நான்கு ஆளாகிவிடுகிறார். டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்), இன்ஷூரன்ஸ் கார்டு, பின்னால் வரப்போகும் லைசென்ஸ் மூன்றிலும் ஒரே பேர் இருந்தால்தான் நாளை விபத்து என்றாலும் விற்பனை என்றாலும் கேள்வி எழாது.

அதனால் முதல் நாளே பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு), வந்திருந்தால் எஸ்எஸ்என் எனும் சமூகப் பாதுகாப்பு எண் கார்டு மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஐ-94ஐ இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். லைசென்ஸுக்கு எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ள பேரை, எழுத்துக்கு எழுத்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்தப் படிவத்திலும் அந்தப் பேர்தான். அப்பா பேரின் முதல் எழுத்தைச் சேர்ப்பதும் விடுவதுமாக விளையாட வேண்டாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட், ஐ-94, ஊர் லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம், பேங்க் கணக்கு. இவ்வளவு போதும். எஸ்எஸ்என் வந்திருந்தால் நல்லது. ரொக்கத்துக்கு வாங்குபவருக்கு அது இல்லாமலும் வேலை நடக்கும்.

ஊர் ஆர்டிஓவில் எடுத்து வந்த ஐடிபி, அதாவது சர்வதேச ஓட்டுநர் அனுமதி பற்றி ஒரு வார்த்தை. அது உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மட்டுமே. தனியாக ஒரு லைசென்ஸ் கிடையாது, கலிஃபோர்னியா அதை லைசென்ஸாக ஏற்பதும் இல்லை. அசல் ஊர் லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டு ஐடிபியை மட்டும் நீட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நமது லைசென்ஸ் கார்டே ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, அதைக் கையில் வைத்திருங்கள்.

அடுத்து முகவரி. கம்பெனி கொடுத்த தற்காலிக வீட்டில் இருந்தபடி கார் வாங்குபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். டைட்டில் தபாலில் வரும். அது வருவதற்குள் நீங்கள் வீடு மாறியிருப்பீர்கள். நிரந்தர வீடு அமையவில்லை என்றால், தபால் முகவரிக்கான தனிக் கட்டத்தில் நம்பகமான நண்பர் வீட்டு முகவரியைக் கொடுங்கள். அவர் வீட்டு அஞ்சல் பெட்டியில் உங்கள் பேரையும் ஒட்டச் சொல்லுங்கள். அபார்ட்மென்ட் என்றால் யூனிட் எண்ணை விடாதீர்கள். பிறகு வீடு மாறினால் 10 நாளுக்குள் டிஎம்விக்குத் தெரிவிக்க வேண்டும்.

3. பணத்தை முன்கூட்டியே திரட்டுங்கள்

புதிதாக வந்தவருக்கு கிரெடிட் ஹிஸ்டரி இருக்காது. லைசென்ஸும் இல்லையென்றால் கார் லோன் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வட்டி கண்ணைக் கட்டும். என் ஆலோசனை: முதல் காரை லோன் இல்லாமல் வாங்கக்கூடிய விலையில் பாருங்கள். ஊரில் ஓடிய ஓட்டத்தை இடது பக்க ஸ்டியரிங்கில் பழக்கப்படுத்திக்கொள்ளும் வரை பம்பர் ஒன்றிரண்டு இடத்தில் உரசத்தான் செய்யும்.

வண்டி விலையோடு கணக்கு முடிவதில்லை. டீலர் இல்லாமல் தனியாரிடம், அதாவது தனி நபரிடம் வாங்கினாலும் விற்பனை வரி உண்டு, அதை டிஎம்வியில் பதியும்போது நீங்கள் கட்டுவீர்கள். மாநில அளவில் அடிப்படை வீதம் 7.25 சதவீதம். அதன் மேல் உள்ளூர் வரிகள் ஏறி சில ஊர்களில் 10 சதவீதத்தைத் தாண்டும். கணக்கில் வருவது வாங்கும் இடத்தின் வீதம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் இடத்தின் வீதம். 9,000 டாலர் வண்டிக்கு 900 டாலராவது ஒதுக்கி வையுங்கள். அதோடு பெயர் மாற்றக் கட்டணம், இன்ஷூரன்ஸின் முதல் தவணை, மெக்கானிக் கூலி.

"பில்லுல பாதி விலை போட்டுக்கலாம், டாக்ஸ் மிச்சம்" என்று விற்பவரே ஆசை காட்டுவார். மறுத்துவிடுங்கள். அது பொய் வாக்குமூலம். கையெழுத்துப் போடுவது நீங்கள், விசாவில் இருப்பதும் நீங்கள்.

புதுக் கணக்குகளில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு இருக்கும். கையெழுத்து நாளன்று போனில் பணம் போகாமல் பார்க்கிங்கில் நின்று விழித்தவர்கள் உண்டு. நம் ஊர் டிமாண்ட் டிராஃப்ட் போல பேங்க் எழுதித் தரும் கேஷியர்ஸ் செக் எடுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

4. நண்பர் பேரில் வாங்காதீர்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

"லைசென்ஸ் வர்ற வரைக்கும் அண்ணன் பேர்ல இருக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்." நல்ல எண்ணத்தில் தொடங்கும் இந்த ஏற்பாடு மூன்று இடத்தில் கடிக்கும்.

ஒன்று, பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவரைத்தான் டோல் பாக்கியும் பார்க்கிங் அபராதமும் தேடிப் போகும். விபத்தில் ஓட்டியவரோடு உரிமையாளரையும் சேர்த்து வழக்கில் இழுக்க முடியும். நண்பர் உங்களுக்காகத் தலையைக் கொடுத்து நிற்கிறார்.

இரண்டு, டைட்டில் அவர் பேரிலும் இன்ஷூரன்ஸ் உங்கள் பேரிலும் இருந்தால், இழப்பீடு கேட்கும்போது கம்பெனி முதலில் கேட்பது "இந்த வண்டிக்கும் உங்களுக்கும் என்ன உறவு?"

மூன்று, ஆறு மாதம் கழித்து உங்கள் பேருக்கு மாற்றும்போது திரும்பவும் பெயர் மாற்ற வேலை, ஸ்மாக் எனும் புகைச் சோதனை, வரி எதற்காக இல்லை என்று விளக்கம். எல்லாம் இரண்டாம் முறை.

கணவன் மனைவி இருவர் பேரிலும் வாங்குவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரு பேருக்கும் நடுவே என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். 'ஆர்' என்று இருந்தால் யாராவது ஒருவர் கையெழுத்தில் பிறகு விற்கலாம். 'அண்ட்' என்று இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். சாய்கோடு போட்டாலும் 'அண்ட்' என்றே அர்த்தம். ஒருவர் ஊருக்குப் போயிருக்கும் நேரத்தில் விற்க வேண்டி வந்தால்தான் இந்த ஒற்றைச் சொல்லின் விலை தெரியும்.

5. வண்டி தேடும் முன் இன்ஷூரன்ஸ் விலை கேளுங்கள்

எல்லாரும் இதைக் கடைசியில் செய்வார்கள். முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு: லைசென்ஸ் இல்லாதவருக்கு வண்டி விற்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இன்ஷூரன்ஸ் கொடுக்கச் சிலரே இருக்கிறார்கள். உங்களை ஏற்கும் கம்பெனி எது, என்ன விலை என்று தெரியாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இணையப் படிவத்தில் லைசென்ஸ் எண் கேட்கும் இடத்தில் மாநிலப் பட்டியலைக் கீழே வரை தள்ளிப் பாருங்கள். பல கம்பெனிகளில் வெளிநாட்டு லைசென்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கும். இல்லையென்றால் படிவத்தோடு மல்லுக்கட்டாமல் போன் செய்யுங்கள், அல்லது பல கம்பெனிகளுக்கு விற்கும் உள்ளூர் ஏஜென்ட்டிடம் போங்கள். இயந்திரம் மறுத்ததை மனிதர் எழுதிக் கொடுப்பது வாடிக்கை.

ஊர் லைசென்ஸ் முதலில் எடுத்த ஆண்டைச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் ஓட்டுநரின் பதிவு, ஆண்டுக்கு ஓடும் தூரம், அனுபவ ஆண்டுகள் ஆகியவைதான் விலையை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உங்கள் வெளிநாட்டு அனுபவத்தை எத்தனை ஆண்டாக எடுத்துக்கொள்வார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் மூன்று இடத்திலாவது கேளுங்கள். ஒரு ஆறுதல், கிரெடிட் ஸ்கோரை வைத்துக் கார் இன்ஷூரன்ஸ் விலை போட இந்த மாநிலத்தில் அனுமதி இல்லை.

எந்த ஊர் லைசென்ஸுமே இல்லாதவர் என்றால், அந்த வண்டியை முக்கியமாக ஓட்டப் போகும் லைசென்ஸ் உள்ளவரின் பேரைப் பாலிசியில் சேர்க்க வேண்டும். கணவருக்கு லைசென்ஸ், வண்டி மனைவி பேரில் என்றால் இதில் எந்தச் சிக்கலும் இல்லை.

எவ்வளவு எடுப்பது? 2025 ஜனவரி 1 முதல் குறைந்தபட்ச அளவு 30/60/15. அடுத்தவருக்குக் காயம் என்றால் ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் எல்லாருக்கும் சேர்த்து 60,000, சொத்துச் சேதத்துக்கு 15,000. சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியா சாலையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் காரின் விலையை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். 15,000 எந்த மூலைக்கு? அடுத்த படிகளுக்கும் விலை கேளுங்கள், வித்தியாசம் பயந்த அளவு இருக்காது. இன்ஷூரன்ஸ் இல்லாதவர் மோதினால் நம்மைக் காக்கும் பகுதியையும் சேர்க்கலாம். ஆனால் 5,000 டாலர் பழைய வண்டியின் சொந்தச் சேதத்துக்குப் பெரிய தவணை கட்டுவது எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது.

கலிஃபோர்னியா லைசென்ஸ் இருக்கிறது என்று பொய் சொல்லி விலை குறைக்கப் பார்க்காதீர்கள். விபத்து நடக்கும் வரை யாரும் கேட்க மாட்டார்கள். நடந்த பிறகு பாலிசியையே செல்லாது என்று சொல்லிவிடுவார்கள்.

6. எங்கே வாங்குவது

டீலரிடம் விலை கூடுதல், ஆனால் டிஎம்வி காகித வேலையை அவர்களே முடித்துத் தருவார்கள், ஸ்மாக்கும் அவர்கள் பாடு. தனியாரிடம் விலை குறைவு, காகித வேலை முழுக்க உங்கள் தலையில். லைசென்ஸ் இல்லாததை வைத்து டீலர் தயங்கினால் பாஸ்போர்ட்டையும் ஊர் லைசென்ஸையும் காட்டுங்கள். சில இடங்களில் லைசென்ஸ் நகல் இல்லாமல் டெஸ்ட் டிரைவ் தர மாட்டார்கள். கூட வரும் நண்பர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

தனியாரிடம் வாங்கும்போது விளம்பரத்தில் மூன்று சொற்களைத் தேடுங்கள்: கிளீன், சால்வேஜ், பிஎன்ஓ. சால்வேஜ் டைட்டில் என்றால் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைகழுவிய வண்டி, கிளீன் என்றால் அந்தக் கறை இல்லாதது. சால்வேஜ் வண்டியின் விலை ஆசையாக இருக்கும், முழு இன்ஷூரன்ஸ் எடுப்பதும் திருப்பி விற்பதும் பாடாகும். பிஎன்ஓ என்றால் ஓட்டப் போவதில்லை என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் கட்டாமல் நிறுத்திய வண்டி. அதைப் பொதுச் சாலையில் ஓட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

வின் எனப்படும் 17 இலக்க எண்ணை முதலிலேயே கேட்டு வாங்கி வண்டியின் வரலாற்று அறிக்கை எடுங்கள். தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. வெளியூரில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் வண்டியை அனுப்பி வைக்கிறேன் என்பவரிடமும் அப்படித்தான்.

7. வண்டியைப் போய்ப் பார்ப்பது

காலையில் போங்கள். "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சினில் வரும் சத்தத்தையோ புகையையோ மறைக்க ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார் என்று சந்தேகிக்க இடம் உண்டு.

பின் நம்பர் பிளேட்டில் ஒட்டியிருக்கும் மாத, ஆண்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆண்டு தாண்டியிருந்தால் பதிவுக் கட்டணமும் அபராதமும் பாக்கி இருக்கிறது. பதியப் போகும்போது அது உங்கள் தலையில்தான் விழும். அந்தத் தொகையை விலையில் கழியுங்கள்.

ஸ்மாக் சான்றிதழ் கேளுங்கள். விற்பவர்தான் சோதனை செய்து தர வேண்டும், சான்றிதழ் 90 நாள் செல்லும். பெயர் மாற்றத்தின்போது 4 மாடல் ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கும் முழு எலெக்ட்ரிக் வண்டிகளுக்கும் இது வேண்டாம். ஹைபிரிட்டுக்கு வேண்டும். நம்மவர்கள் அதிகம் வாங்கும் ப்ரியஸில் இது அடிக்கடி மறந்துபோகும் விஷயம். ப்ரியஸ் என்றால் அடியில் குனிந்து, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் பாருங்கள். அது திருடர்களின் செல்லப் பொருள். திருடு போன இடத்தில் கலிஃபோர்னியா ஏற்காத மலிவுச் சாமானை மாட்டியிருந்தால் ஸ்மாக் தேறாது.

என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பியிடம் விற்பவர் "200 டாலர் குறைத்துத் தருகிறேன், ஸ்மாக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். தம்பியும் லாபம் என்று நினைத்தார். வண்டி தேறவில்லை, விற்றவர் போனை எடுக்கவில்லை. பெயர் மாற்றம் முடியாமல் வண்டி இரண்டு மாதம் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூசி படிந்து நின்றது. ஒரு வண்டியின் பழைய ஸ்மாக் முடிவுகளை மாநில வாகனப் பழுது நீக்கத் துறையின் தளத்தில் நம்பர் பிளேட் எண்ணைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். அந்தத் தம்பி இப்போது யார் கார் வாங்கினாலும் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்கிறார்.

பிடித்துப்போனால் விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வீட்டுக்கே வந்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

8. கையெழுத்து நாள்

இங்கே வரிசைதான் எல்லாம். முதலில் இன்ஷூரன்ஸ், அடுத்து டைட்டில் பார்ப்பது, அடுத்து பணம், கடைசியில் சாவி.

பாலிசி அன்றைய தேதியில் தொடங்குமாறு காலையிலேயே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவர்களுக்குப் புது வண்டிக்குச் சில நாள் சலுகை கிடைப்பது வழக்கம். உங்களுக்குப் பழைய பாலிசி எதுவும் இல்லை, அந்தச் சலுகையும் இல்லை. நண்பரின் அனுபவத்தைக் கேட்டு இதில் ஏமாறுபவர்கள் அதிகம்.

சந்திக்கும் இடம் உங்கள் பேங்க்காக இருக்கட்டும். பிங்க் ஸ்லிப் என்று பேச்சில் சொல்லும் டைட்டில் தாளை முதலில் வாங்கிப் படியுங்கள். அதில் உள்ள பேரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பேரும் ஒன்றா? வின் எண் டாஷ்போர்டில் கண்ணாடி வழியாகத் தெரியும் எண்ணோடு பொருந்துகிறதா? "டைட்டில் என் கசினுடையது, அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்" என்றால் கசினையே வரச் சொல்லுங்கள்.

லோன் கொடுத்த பேங்க்கின் பேர் டைட்டிலில் இருந்தால் அந்த பேங்க் விடுவித்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். "லோனை அடைத்துவிட்டேன், டைட்டில் தபாலில் வந்துகொண்டிருக்கிறது" என்றால், வந்த பிறகு பணம் தருவதாகச் சொல்லுங்கள்.

கேஷியர்ஸ் செக்கில் டைட்டிலில் உள்ள பேரையே போடுங்கள். பிறகு எழுதுங்கள், மெதுவாக. டைட்டிலில் அடித்தல் திருத்தல் கூடாது. செய்தால் ரெக் 256 என்ற படிவத்தில் என்ன பிழை, ஏன் என்று விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டி வரும்.

நம்மவர்கள் தடுக்கும் இரண்டு இடங்கள். தேதியில் மாதம் முதலில், நாள் பிறகு. ஜூலை 4 அன்று வாங்கிவிட்டு 04/07 என்று எழுதினால் ஏப்ரல் 7 அன்று வாங்கியதாக ஆகிவிடும். கெடுவைத் தாண்டிவிட்டதாக அபராதம் கேட்பார்கள். இன்னொன்று ஓடோமீட்டர். கடைசித் தசம இலக்கத்தை எழுதக் கூடாது. 84,312.6 மைல் ஓடிய வண்டிக்கு 843126 என்று எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். பூமியை முப்பது தடவைக்கு மேல் சுற்றிய வண்டி!

புது உரிமையாளர் பகுதியில் லைசென்ஸ் எண் கேட்கும். உங்களிடம் கலிஃபோர்னியா எண் இல்லை, காலியாக விடுங்கள். ஊர் லைசென்ஸ் எண்ணை அங்கே திணிக்க வேண்டாம். பேர் மட்டும் 1ஆம் பகுதியில் எழுதி வைத்த தாளில் உள்ளபடி.

விற்பவர் 5 நாளுக்குள் தன் பொறுப்பு முடிந்ததாக டிஎம்விக்குத் தெரிவிக்க வேண்டும். அதை அங்கேயே போனில் செய்துவிடலாம். அதற்கு உங்கள் முகவரி தேவைப்படும், கொடுங்கள். தேதி, விலை, இருவர் பேர், வின் எண் எழுதிய ஒரு ரசீதில் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை வீட்டுக்கு ஓட்டி வருவது கலிஃபோர்னியா லைசென்ஸ் உள்ள நண்பர். வெளிநாட்டு லைசென்ஸில் ஓட்டும் அனுமதி வருகையாளருக்கானது. வேலையில் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கிவிட்டால் 10 நாளுக்குள் இந்த மாநில லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். "ஊர் லைசென்ஸ்ல ஆறு மாசம் ஓட்டலாம்" என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியதோ தெரியாது, அதை நம்பி சாவியை வாங்காதீர்கள்.

9. டிஎம்வி

வாங்கிய 10 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். 30 நாள் தாண்டினால் அபராதம். கையெழுத்திட்ட டைட்டில், ஸ்மாக் சான்றிதழ், இன்ஷூரன்ஸ், பாஸ்போர்ட், பணம். டைட்டில் தொலைந்த வண்டி என்றால் அதற்கு ரெக் 227 என்ற படிவம் உண்டு. ஆனால் முதல் முறை வாங்குபவர் அப்படிப்பட்ட வண்டியை விட்டுவிடுவதே மேல். அப்பாயின்ட்மென்ட் எடுத்துக்கொண்டு போங்கள். ட்ரிபிள் ஏ எனும் வாகன ஓட்டிகள் சங்கத்தில் உறுப்பினர் என்றால் அவர்களது அலுவலகத்திலேயே இந்த வேலையை முடிக்கலாம்.

கலிஃபோர்னியாவில் சாதாரண நம்பர் பிளேட் வண்டியோடு வரும். நியூ ஜெர்சி, நியூயார்க் போன்ற மாநிலங்களில் விற்பவர் கழற்றி எடுத்துக்கொள்வார், வண்டி பிளேட் இல்லாமல் நிற்கும். அதற்குத் தயாராகப் போக வேண்டும். நியூ ஜெர்சியில் டைட்டிலுக்கே அந்த மாநில லைசென்ஸ் எண்ணோ, அது இல்லாதவருக்கு மாநிலம் தரும் ஒரு தனி அடையாள எண்ணோ கேட்பார்கள். அங்கே அந்த எண்தான் முதல் படி.

10. வண்டி வந்தாயிற்று, இனி லைசென்ஸ்

எழுத்துத் தேர்வில் 36 கேள்விகள், 30 சரியாக இருக்க வேண்டும். தேறினால் பெர்மிட் கிடைக்கும். அதை வைத்து ஓட்டும்போது பக்கத்து சீட்டில் கலிஃபோர்னியா லைசென்ஸ் உள்ள, 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் இருக்க வேண்டும். ஊரில் 15 வருடம் லாரி ஓட்டியிருந்தாலும் டிரைவிங் டெஸ்ட் உண்டு. பாலிசியில் உங்கள் பேர் ஓட்டுநராக இருக்கிறதா என்று பழகத் தொடங்கும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் நாளில் உங்கள் வண்டிக்கும் டெஸ்ட் உண்டு. பதிவுத் தாள், இன்ஷூரன்ஸ் தாள், கூட வரும் லைசென்ஸ் உள்ளவர் மூன்றும் வேண்டும். பிரேக் லைட் ஒன்று எரியாவிட்டால் கிளம்பும் முன்பே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஹாரனும் டயரும் கண்ணாடியும் அப்படித்தான். கார் நின்றபடி இருக்க, ஹெட்லைட், வைப்பர், எமர்ஜென்சி ஃப்ளாஷர் சுவிட்சுகள் எங்கே என்று கேட்பார்கள். கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் டிஃப்ராஸ்டர் எது என்றும் கேட்பார்கள். மதுரையிலோ சென்னையிலோ ஓட்டிப் பழகியவர் அந்த பட்டனை வாழ்நாளில் தொட்டிருக்க மாட்டார், முதல் நாள் இரவே தேடி ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

லைசென்ஸ் தபாலில் வந்ததும் எண்ணை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி, விலையை மறுபடி போடச் சொல்லுங்கள். அவர்களாகக் குறைக்க மாட்டார்கள்.